முற்பணம் மட்டும் கிரெடிட் கார்டில், மிச்சம் வேறு வழியில்: வங்கியிடம் எவ்வளவு கேட்கலாம்?

லண்டனின் வடமேற்குப் பகுதியில் வசிக்கும் ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வீட்டுச் சமையலறையை மாற்றுவதற்கு மார்ச் மாதம் ஒரு கடையில் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். கபினெட், கதவு, வேர்க்டொப் எல்லாம் சேர்த்து 9,600 பவுண்ட். முற்பணமாக 250 பவுண்ட் கிரெடிட் கார்டில் போனது. மே மாதம் 4,350 பவுண்டை அவருடைய அண்ணா தன் கணக்கிலிருந்து நேரே கடைக்கு அனுப்பினார். கைமாற்றுத்தான், திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு. ஜூன் கடைசியில் மிச்சம் 5,000 பவுண்ட் கணவரின் டெபிட் கார்டில் கட்டப்பட்டது. பூட்டுவதற்கு ஆள் வேண்டுமே? கடைக்காரர் ஒருவரைக் காட்டினார், அவருக்குக் கையில் 1,800 பவுண்ட் காசு.

ஜூலையில் பொருட்கள் வந்து இறங்கின. உயரமான கபினெட் இரண்டு வரவேயில்லை. நான்கு கதவுகள் வளைந்திருந்தன. வேர்க்டொப்பின் ஒரு மூலை உடைந்திருந்தது. “அடுத்த கிழமை, அடுத்த கிழமை” என்று செப்டெம்பர் போனது. ஒக்டோபரில் கடை வாசலில் கம்பனி கலைக்கப்படுவதாக ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. வங்கிக்குத் தொலைபேசி எடுத்தபோது கிடைத்த பதில்: “கார்டில் போனது 250 பவுண்ட்தானே, அதை மட்டும்தான் திருப்பித் தரலாம்.”

“மூன்று மாதமா ஏனம் கழுவுறது குளியலறையிலதான். ரைஸ் குக்கர் மாடிப்படிக்குக் கீழ இருக்கு. இவர் சொல்லுறார், 250 எண்டாலும் வாங்கிக்கொண்டு பேசாம இரு எண்டு” என்று எழுதியிருக்கிறார். அவர் கேட்பவை இரண்டு. 250 பவுண்டுக்கு மேல் கேட்க வழி உண்டா? அடுத்த ஆண்டு தங்கைக்குக் கல்யாணம், மண்டபக்காரர் வங்கி ட்ரான்ஸ்ஃபர்தான் வேண்டும் என்கிறார், ஒரு பவுண்டை மட்டும் கார்டில் கட்டினால் பாதுகாப்புக் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஓர் அவசரச் செய்தி. அந்த 250 பவுண்டை “முழுமையான, இறுதியான தீர்வு” என்று எழுதிய எந்தக் கடிதத்துக்கும் சம்மதித்து வாங்கிவிடாதீர்கள். மின்னஞ்சலில் “சரி” என்று ஒரு வார்த்தை போட்டாலும் பிறகு வினையாகும். உங்கள் கணவர் அலுத்துப்போய்ச் சொல்கிறார், அது விளங்குகிறது. ஆனால் வங்கியில் தொலைபேசி எடுத்தவர் சொன்னது இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழைத்த பதில்.

அவர் மனதில் இருந்தது சார்ஜ்பேக். விசா, மாஸ்டர்கார்ட் போன்ற கார்ட் நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் விதி அது, சட்டம் அல்ல. கார்டில் போன தொகையை மட்டுமே அதில் திருப்பிக் கேட்கலாம். அந்த அளவில் “250தான்” என்பது சரி. ஆனால் உங்களுக்குத் தேவையானது வேறு. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வங்கியில் “செக்‌ஷன் 75” என்ற இரண்டு சொற்களைச் சொன்னால், உங்கள் அழைப்பு வேறு மேசைக்குப் போகும். சொல்லாவிட்டால் சார்ஜ்பேக் மேசையிலேயே நின்றுவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

75ஆம் பிரிவு சொல்வது இது. கடைக்காரர் ஒப்பந்தத்தை மீறினாலோ, பொய் சொல்லி விற்றாலோ, கடன் கொடுத்த வங்கியும் கடைக்காரரோடு சேர்ந்து அதே அளவுக்குப் பொறுப்பு. கூட்டாகவும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. ஆகவே கடைக்காரரை முதலில் துரத்திவிட்டுத்தான் வங்கியிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடை மூடிவிட்டாலும் வங்கியின் பொறுப்பு மூடாது. கடைக்காரரிடமிருந்து அந்தக் காசைத் திரும்பப் பெறும் உரிமையை அதே பிரிவு வங்கிக்குக் கொடுத்திருக்கிறது. அது அவர்கள் பாடு. மூடிய கடையின் பின்னால் அலைவது வாடிக்கையாளரின் வேலையாக இருக்கக்கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். நுகர்வோர் கடன் முறையை ஆராய்ந்த குரோதர் குழு 1971இல் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்த சட்டம் இது. விற்பனையால் இலாபம் காண்பதில் கடையும் கடன் கொடுப்பவரும் பங்காளிகள் என்றால், பழுது வரும்போதும் பங்காளிகளாக நிற்கட்டும் என்பது அதன் நினைப்பு.

இனி உங்கள் 250க்கு வருவோம். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது பொருளின் விலைக்கு வைத்த எல்லை. கார்டில் எவ்வளவு கட்டினீர்கள் என்பதற்கு எல்லையே வைக்கவில்லை. 9,600 பவுண்ட் சமையலறைக்கு 250 கட்டினாலும், 25 கட்டினாலும், ஒரு பவுண்ட் கட்டினாலும் வங்கி பொறுப்பேற்பது அந்த ஒப்பந்தம் முழுவதற்கும்தான். மிச்சத்தை டெபிட் கார்டிலோ, ட்ரான்ஸ்ஃபரிலோ, காசாகவோ, பரிசு வவுச்சரிலோ கட்டியிருந்தாலும் அது மாறாது. “100 பவுண்டுக்கு மேல் கார்டில் கட்டினால்தான் உரிமை” என்று பலர் நம்புகிறார்கள். எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் அந்த நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். தவறு. கார்ட் பில்லை எப்போதோ கட்டி முடித்துவிட்டேன், இனி என்ன உரிமை என்று கேட்பவர்களும் உண்டு. பில் கட்டி முடித்தாலும் உரிமை முடிவதில்லை. கார்டின் கடன் எல்லையை மீறிச் செலவழித்திருந்தாலும்கூட 75ஆம் பிரிவு பொருந்தும் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

“என்ட கார்ட்”: யாருடைய கார்ட்?

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல செய்தி மட்டும் சொன்னவளாகியிருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. முதல் பக்கத்தில் “என்ட கார்டில 250 கட்டினேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு போகும்போது, “பில் மட்டும் இவரின்ட பேரிலதான் வரும்” என்கிறீர்கள். எனக்கு அந்த 250ஐவிட இந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது.

பில் அவர் பெயரில் வருகிறது என்றால், அநேகமாகக் கணக்கு உங்கள் கணவருடையது, நீங்கள் அதில் கூடுதல் கார்ட் வைத்திருப்பவர். கார்டில் உங்கள் பெயர் அச்சடித்திருக்கும். உங்கள் கைப்பையில்தான் இருக்கும். ஆனாலும் வங்கியிடம் கடன்பட்டவர் அவர். 75ஆம் பிரிவு கடன்பட்டவருக்குத்தான் உரிமை கொடுக்கிறது, அதுவும் கடைக்காரர்மீது ஒப்பந்த உரிமை அவருக்கே இருந்தால்.

வங்கி, கடன்பட்டவர், கடைக்காரர் என்ற மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலி இது. கடன்பட்டவரும் கடையோடு ஒப்பந்தம் செய்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். ஒரு கண்ணி விலகினாலும் வங்கி “எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று சொல்ல இடம் கிடைத்துவிடும். எத்தனை வழியில் காசு கட்டினீர்கள் என்பதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். காசு எந்த வழியில் போனாலும் பெரிய கேடில்லை. கார்டில் போன அந்தச் சின்னத் துண்டு யாருடைய கணக்கிலிருந்து, யாருடைய ஒப்பந்தத்துக்கு, யாருடைய கையில் போய்ச் சேர்ந்தது என்பதிலேயே வழக்கு நிற்கும் அல்லது விழும்.

ஆகவே ஆர்டர் ஃபோர்மை எடுத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட ஃபோர்ம்களில் மேலே இடப்பக்கம் “வாடிக்கையாளர்” என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறது? இரண்டு பேருடைய பெயரும் இருந்தால், அல்லது திரு, திருமதி என்று சேர்த்து எழுதியிருந்தால், பெருமூச்சு விடலாம். உங்கள் கணவரும் ஒப்பந்தக்காரர், கணக்கும் அவருடையது, சங்கிலி முழுதாக இருக்கிறது. உரிமைக்கோரிக்கையை அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு அனுப்புங்கள். நீங்கள் எழுதிக்கொடுக்கலாம், அனுப்புகிறவர் அவராக இருக்க வேண்டும்.

உங்கள் பெயர் மட்டும் இருந்தால் பாதை கொஞ்சம் கரடு. அப்போதும் கையை விரிக்க வேண்டாம். அந்த வீடு இருவருக்கும் பொதுவானது, சமையலறையை இருவரும் சேர்ந்து தெரிவு செய்தீர்கள், கடையோடு அவரும் கதைத்தார், 5,000 பவுண்டை அவரே கட்டினார், ஆகவே நீங்கள் அவருக்காகவும் சேர்த்துத்தான் கையெழுத்திட்டீர்கள் என்று வாதிடலாம். அளவெடுக்க வந்த நாளில் கடைக்காரர் அவருக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, அவர் பெயருக்கு வந்த விலைப்பட்டியல், டெலிவரி சீட்டில் அவர் போட்ட கையெழுத்து, இவை எல்லாம் அந்த வாதத்துக்குத் தூண்கள். வங்கி ஏற்றுக்கொள்ளும் என்று நான் உறுதி தரமாட்டேன். இந்த இடத்தில் தோற்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பழைய ஃபோர்மில் அவர் பெயரைச் சேர்த்து எழுதுவது, கடையில் வேலை செய்தவரைப் பிடித்துப் புதிதாக ஒரு பில் போட்டு வாங்குவது. அப்படியும் ஒருவர் என்னிடம் வந்தார், மை காய்ந்தும் காயாத ஃபோர்மோடு. நல்ல வழக்கு அன்றோடு கெட்டது.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். கார்ட் அறிக்கையில் மார்ச் மாதத்து 250க்கு நேரே எந்தப் பெயர் விழுந்திருக்கிறது? கடைப் பலகையில் இருக்கும் பெயர் ஒன்று, கம்பனியின் பதிவுப் பெயர் வேறொன்று என்பது சாதாரணம். கம்பனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடி இரண்டும் ஒன்றுதானா என்று உறுதிப்படுத்துங்கள். காசு வாங்கிய கம்பனி ஒன்று, ஒப்பந்தம் செய்த கம்பனி இன்னொன்று என்றால் அதுவும் சங்கிலியில் ஒரு கேள்வி.

அண்ணாவின் 4,350, பூட்டியவரின் 1,800

அண்ணா நேரே கடைக்கு அனுப்பியதால் அந்தக் காசு போய்விட்டதா என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் வேண்டியதில்லை. அவர் உங்களுக்குக் கடன் கொடுத்தார், அந்தக் கடனைக் கொண்டு உங்கள் விலை கட்டப்பட்டது. அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள் இருவரும், ஆகவே நட்டமும் உங்களுடையதே. ட்ரான்ஸ்ஃபர் செய்த அன்று அவர் போட்ட குறிப்பில் ஆர்டர் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கைமாற்று என்பதை இருவரும் கதைத்த செய்தி ஏதாவது இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். “அன்பளிப்பு” என்று அவர் எங்கேயும் எழுதாமல் இருந்தால் இன்னும் நல்லது.

1,800 பவுண்ட் விஷயம் அப்படியல்ல. “கடைக்காரர் காட்டிய ஆள்” என்கிறீர்கள். பூட்டும் வேலையும் அதே ஆர்டர் ஃபோர்மில் ஒரு வரியாக இருந்தால் அது கடையின் ஒப்பந்தம், வங்கியும் பொறுப்பு. ஃபோர்மில் பொருட்கள் மட்டும் இருந்து, வேலைக்கு அந்த ஆளோடு நீங்கள் தனியாகப் பேசிக் காசு கொடுத்திருந்தால், அது இரண்டாவது ஒப்பந்தம். அதில் ஒரு பென்னிகூடக் கார்டில் போகவில்லை. அவர் வேலையைப் பிழையாகச் செய்ததற்கு வங்கியைக் கேட்க முடியாது.

ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. வளைந்த கதவைக் கழற்றிப் புதிதைப் பூட்ட மறுபடியும் ஆள் பிடிக்க வேண்டும் அல்லவா? அந்தச் செலவு கடையின் ஒப்பந்த மீறலால் வந்த நட்டம். பழுதான பொருளைப் பூட்டுவதற்கு வீணாகப் போன கூலியையும் அதே கணக்கில் கேட்டுப் பார்க்கலாம். 75ஆம் பிரிவு சார்ஜ்பேக்கைவிடப் பலமானது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பொருளின் விலையோடு நிற்காமல், மீறலால் வந்த மற்ற நட்டத்தையும் அதில் கேட்கலாம். ரசீது இல்லாத காசுக்கு ஆதாரம் வேண்டும். அவருக்குக் கொடுக்க வங்கியிலிருந்து எடுத்த திகதியையும், “காசு கிடைத்தது” என்ற அவருடைய செய்தியையும் தேடி எடுங்கள்.

எவ்வளவு கேட்பது?

“9,600ஐயும் திருப்பித் தரச்சொல்லிக் கேட்கட்டோ?” என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 75ஆம் பிரிவு உங்களுக்குக் கடைமீது என்ன உரிமை இருந்ததோ அதையே வங்கிமீதும் தருகிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. முக்கால்வாசிச் சமையலறை சுவரில் நிற்கிறது. அதையும் வைத்துக்கொண்டு முழு விலையும் வாங்க முடியாது.

இரண்டு வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். வராத கபினெட்டுகளையும் கதவுகளையும் வேர்க்டொப்பையும் வேறு கடையில் வாங்கிப் பொருத்த முடியும் என்றால், அந்தச் செலவைக் கேளுங்கள். தொடர்பில்லாத இரண்டு பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அந்த மாதிரி இனிக் கிடைக்காது, நிறம் சேராது, எல்லாவற்றையும் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று அவர்கள் எழுதிக்கொடுத்தால், பொருளை நிராகரித்து விலையைத் திருப்பிக் கேட்பது நியாயமாகும். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, முதல் 30 நாளுக்குள் பழுதான பொருளை உடனே நிராகரிக்கலாம். அதற்குப் பிறகு திருத்தவோ மாற்றவோ கடைக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். நீங்கள் மூன்று மாதம் கொடுத்துவிட்டீர்கள். “அடுத்த கிழமை” என்று வந்த ஒவ்வொரு செய்தியும் இப்போது உங்களுக்குச் சாட்சி. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது ஆரம்பத்திலேயே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்ப்பக்கத்தின் வேலை.

குளியலறையில் ஏனம் கழுவிய மூன்று மாதத்துக்கு நட்டஈடு கேட்கலாமா? கேளுங்கள், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

டெபிட் கார்டில் போன 5,000

டெபிட் கார்டுக்கு 75ஆம் பிரிவு இல்லை. சார்ஜ்பேக் உண்டு. வழக்கமாக 120 நாள் கெடு வைப்பார்கள், பொருள் வந்த அல்லது வரவேண்டிய நாளிலிருந்து. ஜூலையிலிருந்து எண்ணிப் பாருங்கள், உங்களுக்கு அது விளிம்பில் நிற்கிறது. ஆகவே கணவர் தன் டெபிட் கார்ட் வங்கிக்கு இன்றைக்கே எடுத்து “பொருள் முழுதாக வரவில்லை, வந்ததும் சொன்னபடி இல்லை” என்று பதிவு செய்யட்டும். ஆர்டர் ஃபோர்மில் உங்கள் பெயர் மட்டும் இருந்து சங்கிலி விலகினால், கையில் மிஞ்சும் ஆயுதம் இதுதான். இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் கேட்பதில் பிழையில்லை. ஒரே நட்டத்துக்கு இரண்டு தரம் வாங்குவதுதான் பிழை. ஒரு வங்கிக்கு மற்றதைப் பற்றி மறைக்காமல் எழுதுங்கள்.

75ஆம் பிரிவுக்கு அப்படிப்பட்ட நெருக்கடி இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்த மீறலிலிருந்து ஆறு ஆண்டுகள், ஸ்கொட்லாந்தில் ஐந்து. அதற்காக ஆறப்போட வேண்டாம். சாட்சிகள் கைபேசியோடு சேர்ந்து தொலைந்துபோகும்.

கடிதமும் அதற்குப் பிறகும்

தொலைபேசியை இனி விடுங்கள், எழுத்துக்கு வாருங்கள். கடிதத்தில் முதல் வரியே “1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின் கீழ் உரிமைக்கோரிக்கை” என்று இருக்கட்டும். அடுத்து ஒப்பந்தம் என்ன, விலை என்ன, எந்தத் திகதியில் எந்த வழியில் எவ்வளவு கட்டினீர்கள், என்ன மீறப்பட்டது, எவ்வளவு கேட்கிறீர்கள். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். கோபத்தை எனக்கு எழுதிய கடிதத்தில் கொட்டிவிட்டீர்கள், அது போதும், வங்கிக்கு வேண்டாம். படங்களை எடுக்கும்போது வளைந்த கதவுக்குப் பக்கத்தில் ஒரு நேரான மட்டக்கோலை நிறுத்தி எடுங்கள். வளைவு எத்தனை மில்லிமீற்றர் என்று படமே பேசும்.

விலை ஒரே தொகையாக எழுதியிருந்தால் நல்லது. ஒவ்வொரு சாமானுக்கும் தனி விலை போட்டிருந்தால், 100 பவுண்டும் அதற்குக் குறைவும் விலையுள்ள கைபிடி, பிணைச்சல் போன்றவற்றைக் கழித்துவிட வங்கி பார்க்கலாம். சமையலறை ஒரு தொகுதியாக விற்கப்பட்டது என்பதை அழுத்தி எழுதுங்கள்.

வங்கி மறுத்தால் அல்லது இழுத்தடித்தால் அதை முறைப்பாடாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். முறைப்பாடு செய்த நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, பதில் பிடிக்காவிட்டாலோ வங்கிகள்மீதான முறைப்பாடுகளை விசாரித்துத் தீர்க்கும் ஃபைனான்ஷியல் ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். உங்களுக்குச் செலவில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வழக்கறிஞராக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன். வங்கி இறுதிப் பதிலை அனுப்பிய திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும், அந்தக் கெடுவை மட்டும் தவற விடாதீர்கள். சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்க்காமல், எல்லாச் சூழ்நிலையையும் வைத்து எது நியாயம் என்றும் அங்கே பார்ப்பார்கள். ஃபோர்மில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் அந்த வாசல் உங்களுக்கு முக்கியம்.

கம்பனியைக் கலைக்கும் வேலையைக் கவனிக்கும் பொறுப்பாளருக்கும் (லிக்விடேட்டர் என்பார்கள்) ஒரு கடிதம் போட்டு உங்கள் நட்டத்தைப் பதிவு செய்து வையுங்கள். அங்கிருந்து பெரிதாக ஒன்றும் வராது. வரிசையில் உங்களுக்கு முன்னால் பலர் நிற்பார்கள்.

தங்கையின் கல்யாண மண்டபம்

ஒரு பவுண்ட் கதை உண்மைதான், மேலே சொன்ன அதே காரணத்தால். ஆனால் அதை மந்திரம் போல நம்பி இறங்கினால் வேறிடத்தில் இடறும்.

மண்டபம் யார் பெயரில் பதிவாகிறது? நம் வீடுகளில் அப்பா கையெழுத்துப் போடுவார், தங்கை கார்டை நீட்டுவாள், மாமா காசு கொடுப்பார். மாமாவின் காசு பரவாயில்லை. கையெழுத்தும் கார்டும் ஒரே ஆளுடையதாக இருக்கட்டும். தங்கையின் கார்ட் என்றால் ஒப்பந்தத்திலும் தங்கையின் பெயர்.

அந்தக் கார்ட் கட்டணம் மண்டப வாடகையின் ஒரு பகுதி என்று பில்லில் எழுதியிருக்க வேண்டும். ஏற்பாட்டாளர் ஒருவருக்கு “பதிவுக் கட்டணம்” என்று கார்டில் கட்டிவிட்டு, வாடகையை வேறொருவருக்கு ட்ரான்ஸ்ஃபர் செய்தால் சங்கிலி ஏற்பாட்டாளரோடு அறுந்துவிடும். சாப்பாடு, அலங்காரம், படம் எடுப்பவர் எல்லாம் தனித்தனி ஒப்பந்தங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சமாவது தனியாகக் கார்டில் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பொதியாக ஒருவரிடம் வாங்கி, ஒரே விலை 30,000 பவுண்டைத் தாண்டினால் 75ஆம் பிரிவு கைகொடுக்காது. நம்மவர் கல்யாணச் செலவைப் பார்த்தால் இதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கார்டில் பணம் எடுத்துக் காசாகக் கொடுப்பது, கார்டால் ஏதாவது ஒரு வொலட்டை, அதாவது இணையப் பணப்பையை, நிரப்பி அதிலிருந்து அனுப்புவது, இரண்டுக்கும் பாதுகாப்பு இல்லை. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டியே ஆகவேண்டிய சார்ஜ் கார்டுக்கும் இல்லை. கைபேசியைத் தட்டிக் கட்டுவதில் பிரச்சினையில்லை, பின்னால் இருப்பது கிரெடிட் கார்ட் என்றால்.

மண்டபக்காரர் “கார்ட் என்றால் இரண்டு வீதம் கூட” என்று சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2018 ஜனவரி 13ஆம் திகதியிலிருந்து, சாதாரண வாடிக்கையாளரின் சொந்தக் கார்டுக்கு அப்படிக் கூடுதல் அறவிடத் தடை இருக்கிறது. கார்டே எடுக்கமாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, எடுத்துவிட்டு மேலதிகமாகக் கேட்க உரிமையில்லை. தங்கை மரியாதையாக இதைச் சொல்லி, “முற்பணத்தை மட்டும் கார்டில் எடுங்கோ, மிச்சத்தை நீங்கள் சொன்னபடி அனுப்புறம்” என்று கேட்டுப் பார்க்கட்டும். பலர் சம்மதித்துவிடுவார்கள். சம்மதித்துவிட்டுப் பிறகு “கார்டில் கட்டினதைத் திருப்பிப் போடுறன், எல்லாத்தையும் காசாத் தாங்கோ, 200 குறைக்கிறன்” என்று வந்தால் உஷாராகட்டும். கார்டுக்குத் திருப்பிப் போட்ட அந்த நிமிடமே வங்கி விலகிவிடும். அந்த 200 பவுண்டுக்கு விற்பது முழு மண்டபத்தின் பாதுகாப்பை.

உங்களுக்கு இப்போது வேண்டியது ஆர்டர் ஃபோர்மின் படம். வாடிக்கையாளர் பெயர் இருக்கும் கட்டமும், பூட்டும் கூலி எழுதியிருக்கிறதா என்று தெரியும் பகுதியும் விழும்படி எடுத்து அனுப்புங்கள். வங்கிக் கடிதத்தில் யாருடைய கையெழுத்து வரவேண்டும் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். டெபிட் கார்ட் வங்கிக்கான அழைப்பு மட்டும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.